விபத்தில் சிக்கினால் யார் பொறுப்பு? நஷ்ட ஈடு கை நழுவாமல் இருக்க செய்ய வேண்டியது என்ன?

சென்னை:

"டமார்" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் ரோட்டில் கூட்டம் கூடி விடும். ஒருத்தர் தண்ணீர் கொடுப்பார். ஒருத்தர் செல்போனில் படம் எடுப்பார். இன்னொருத்தர் மட்டும் மெதுவாக பக்கத்தில் வந்து, "எதுக்குங்க போலீஸ், கோர்ட்டுன்னு அலையுறீங்க... ஒரு தொகையை வாங்கிட்டு பேசி முடிச்சுக்கலாமே" என்பார்.

அந்த ஒருத்தரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். கையில் கொடுக்கும் ரூ.5 ஆயிரம், ரூ.10 ஆயிரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு போனவர், மறுநாள் ஸ்கேன் எடுத்து பார்த்தால் இடுப்பு எலும்பு உடைந்திருக்கும். அப்போது இடித்த கார்காரரின் போன் "சுவிட்ச் ஆப்" ஆகி இருக்கும். போலீசில் புகார் இல்லை. ஆஸ்பத்திரி சீட்டில் விபத்து என்ற வார்த்தையே இல்லை. நஷ்ட ஈடு கேட்க எந்த காகிதமும் இல்லாமல் அந்த குடும்பம் கடன் வாங்கி ஆபரேஷன் செய்யும்.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு? யாரிடம் பணம் கேட்பது? எத்தனை நாளுக்குள் கேட்பது? கார் வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ரோட்டில் நடந்து போகிறவர் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை

முதல் வேலை உயிரை காப்பாற்றுவது. 108-க்கு போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 எண்ணுக்கும் சொல்லலாம். "தூக்கிட்டு போனா நம்மளையும் கோர்ட்டுக்கு இழுப்பாங்க" என்ற பயம் இன்னும் பல பேருக்கு இருக்கிறது. அந்த காலம் மலையேறி விட்டது. காயம் பட்டவருக்கு உதவி செய்பவர் மீது எந்த வழக்கும் போடக்கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகன சட்டத்திலேயே 134-ஏ என்று புதிய பிரிவு சேர்த்து விட்டார்கள். பெயர், முகவரி சொல்லும்படி போலீசாரும் ஆஸ்பத்திரியும் அவரை கட்டாயப்படுத்த முடியாது.

சிகிச்சை செலவுக்கும் வழி இருக்கிறது. தமிழகத்தில் 2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் - நம்மை காக்கும் 48" திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு பணம் கட்ட வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை கொண்டு வந்தது. அதன்படி விபத்து நடந்த நாளில் இருந்து 7 நாள் வரை ரூ.1½ லட்சத்துக்கு கட்டணம் இல்லாத சிகிச்சை. அட்வான்ஸ் கட்ட சொன்னால் இந்த திட்டங்களின் பெயரை சொல்லி கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்து வருவதுதான் பல குடும்பங்கள் கோட்டை விடும் இடம். அவசர சிகிச்சை பிரிவில் டூட்டி டாக்டர், "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். கூட வந்தவர் பதற்றத்தில், "வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லி விடுவார். அது அப்படியே விபத்து பதிவேட்டில் ஏறி விடும். "ஏ.ஆர். காப்பி" என்று சொல்வது அதைத்தான். இரண்டு வருடம் கழித்து கோர்ட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். "கார் மோதவில்லை. இவராகவே விழுந்திருக்கிறார்" என்று வாதாடுவார். அதை உடைப்பதற்குள் வழக்கே தள்ளாடி விடும்.

ஆகவே, "இந்த இடத்துல, இத்தனை மணிக்கு, இந்த நம்பர் கார் பின்னால வந்து இடிச்சுது" என்று நடந்ததை நடந்தபடி தெளிவாக சொல்லுங்கள். நம்பர் தெரியாவிட்டால், வெள்ளை கார், டேங்கர் லாரி என்று தெரிந்ததை சொல்லுங்கள். தெரியாத நம்பரை யாரோ சொன்னார்கள் என்று சொல்லி விடாதீர்கள். தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தால், போலீசுக்கு தகவல் அனுப்பி விட்டார்களா என்று கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

போலீஸ் நிலையத்தில்...

விபத்து நடந்த இடம் எந்த போலீஸ் எல்லையோ அங்கே புகார் கொடுக்க வேண்டும். சென்னையில் இதற்கென்றே போக்குவரத்து புலனாய்வு பிரிவு இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகலை இலவசமாக கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சும்மா சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி விடாதீர்கள். ரசீது, எப்.ஐ.ஆர். ஆகாது.

2024 ஜூலை 1-ந்தேதி முதல் பழைய இந்திய தண்டனை சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்து விட்டது. அதனால் பிரிவு எண்கள் மாறி விட்டன. தாறுமாறாக ஓட்டினால் முன்பு 279, இப்போது 281. காயம் ஏற்படுத்தினால் முன்பு 337, 338, இப்போது 125. உயிர்ப்பலி என்றால் எல்லோருக்கும் பழகிப்போன 304-ஏ இப்போது 106 (1). முன்பு அதிகபட்சம் 2 ஆண்டு ஜெயில் என்று இருந்தது இப்போது 5 ஆண்டாக உயர்ந்திருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் இறந்தவர் குடும்பத்துக்கு பணம் கொடுத்து "சமாதானம்" என்று எழுதி வாங்கினாலும் இந்த வழக்கு தானாக முடிந்து போகாது. இது புரியாமல் வெள்ளை பேப்பரில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. கையெழுத்து போட்ட குடும்பத்துக்குத்தான் அந்த பேப்பர் பின்னாளில் வினையாக வரும்.

எப்.ஐ.ஆர். தவிர, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காய சான்றிதழ், மரணம் என்றால் பிரேத பரிசோதனை அறிக்கை, கடைசியில் குற்றப்பத்திரிகை என்று பல காகிதங்கள் வரும். தமிழக காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி விபத்து வழக்கு ஆவணங்களை எடுத்துக்கொள்ளும் வசதியும் செய்யப்பட்டது. புரோக்கரிடம் போய் "எப்.ஐ.ஆர். எடுத்து கொடுங்க" என்று ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் 1 முதல் போலீசாருக்கும் கெடு வைத்து விட்டார்கள். விபத்து பற்றி 48 மணி நேரத்துக்குள் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை போக வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை. 90 நாளில் விரிவான அறிக்கை. இந்த விரிவான அறிக்கையையே நஷ்ட ஈடு மனுவாக எடுத்துக்கொண்டு தீர்ப்பாயம் விசாரிக்கலாம். இதை நாடு முழுவதும் ஒழுங்காக செய்ய வேண்டும் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாக சொன்னது. எல்லா ஊரிலும் கெடு தவறாமல் நடக்கிறதா என்று கேட்காதீர்கள். "விரிவான அறிக்கை அனுப்பியாச்சா சார்?" என்று விசாரணை அதிகாரியிடம் நாம்தான் போய் கேட்க வேண்டும். அப்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பணம் கொடுக்க வேண்டியது யார்?

சட்டப்படி முதலில் பொறுப்பு, தவறாக ஓட்டிய டிரைவருக்கு. அவரை வேலைக்கு வைத்திருக்கும் வண்டி உரிமையாளருக்கும் அதே பொறுப்பு உண்டு. அந்த உரிமையாளருக்காக பணத்தை கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. "தேர்டு பார்ட்டி" இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக்கூடாது. மீறினால் முதல் தடவை ரூ.2 ஆயிரம் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஆனால் அபராதத்தை நினைத்து பயப்படுவதை விட, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரை கொன்று விட்டால் வரப்போகும் தொகையை நினைத்துதான் பயப்பட வேண்டும். ரூ.20 லட்சமோ, ரூ.30 லட்சமோ, உரிமையாளரே சொந்த பணத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வீடு, நிலம் ஜப்தி வரை போகும்.

"வண்டியை நான் எப்பவோ வித்துட்டேனே சார்" என்று கோர்ட்டில் அழுபவர்கள் உண்டு. காசை வாங்கிக்கொண்டு சாவியை கொடுத்திருப்பார். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றி இருக்க மாட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, அவர் வேறொருவருக்கு விற்று, நாலாவது ஆள் ஓட்டும்போது விபத்து. யார் பொறுப்பு? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக சொல்லி விட்டது. பழைய பைக்கை மெக்கானிக் கடையில் விற்று விட்டு மறந்து போனவர்கள், இன்றைக்கே ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து விடுவது நல்லது.

மகன் "பிளஸ்-2 தான்பா படிக்கிறான், பக்கத்து தெருவுக்குத்தானே போறான்" என்று சாவியை கொடுக்கும் அப்பாக்களுக்கு ஒரு தகவல். 18 வயது ஆகாதவர் ஓட்டி குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டி பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. 2019-ல் வந்த சட்டம் இது.

லைசென்சு இல்லாதவரிடமோ, குடித்தவரிடமோ வண்டியை கொடுத்தால் என்ன ஆகும்? பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தை கட்டி விட்டு, பிறகு அதை உரிமையாளரிடம் வசூல் செய்ய பெரும்பாலும் கோர்ட்டு உத்தரவிடும். அடிபட்ட குடும்பம் தப்பிக்கும். உரிமையாளர் மாட்டுவார். லைசென்சு காலாவதி ஆனால் 30 நாள் சலுகை உண்டு என்ற பழைய கதையும் 2019-லேயே முடிந்து விட்டது.

ஆட்டோ, சின்ன லோடு வண்டி டிரைவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. "உங்களிடம் இலகு ரக வாகன லைசென்சுதான் இருக்கிறது, டிரான்ஸ்போர்ட்டு பேட்ஜ் இல்லை" என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் பல வருடம் கையை விரித்து வந்தன. 7 ஆயிரத்து 500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை இலகு ரக லைசென்சு வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லி விட்டது.

பாலிசியை பிரித்து பாருங்கள்

பெரும்பாலானவர்கள் இன்சூரன்ஸ் பேப்பரை போலீசுக்கு காட்டுவதற்காகவே வைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன எழுதி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. தேர்டு பார்ட்டி பாலிசி என்பது நீங்கள் யாரை இடித்தீர்களோ அவருக்குத்தான். உங்கள் காரின் பம்பருக்கு அதில் ஒரு பைசா வராது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்த மனைவிக்கும், காரில் ஓசியில் வந்த நண்பருக்கும் கூட வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். "பேக்கேஜ்" பாலிசி எடுத்திருந்தால் அவர்களுக்கும் சேரும். வருடத்துக்கு சில நூறு, சில ஆயிரம் மிச்சம் பிடிக்க போய் இந்த வித்தியாசத்தில் எத்தனையோ குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றிருக்கின்றன.

இதைவிட கொடுமை லோடு வண்டி விஷயம். வளைகாப்பு, காதுகுத்து, கோவில் திருவிழா என்றால் கிராமத்தில் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பி விடுவார்கள். சரக்கு வண்டியின் இன்சூரன்ஸ் அதில் வேலை செய்பவர்களுக்கும், சரக்கோடு வரும் சரக்கு உரிமையாளருக்கும்தான். விருந்துக்கு போனவர்களுக்கு அல்ல. வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி "இவர்கள் எங்கள் கணக்கில் வர மாட்டார்கள்" என்று ஒதுங்கும். வண்டி உரிமையாளரிடம் அத்தனை பேருக்கும் கொடுக்க பணம் இருக்காது.

2018 செப்டம்பர் முதல் புது கார் வாங்கும்போது 3 வருடத்துக்கும், புது பைக் வாங்கும்போது 5 வருடத்துக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்சை சேர்த்தே கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதனால் "நம்ம வண்டி இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சே" என்று பதறுவதற்கு முன் பாலிசியில் இரண்டு தேதிகளையும் பாருங்கள். சொந்த வண்டி சேதத்துக்கான தேதி முடிந்திருந்தாலும் தேர்டு பார்ட்டி உயிரோடு இருக்கலாம். அதே பாலிசியில் உரிமையாளர் ஓட்டும்போது இறந்தால் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்து காப்பீடும் இருக்கலாம். தானாக மரத்தில் மோதி இறந்தவர் குடும்பத்துக்கும் இது உண்டு. இதை கேட்டு வாங்காமல் விட்ட குடும்பங்கள் ஏராளம்.

6 மாத கெடு

"நஷ்ட ஈட்டு கேசு எப்ப வேணா போடலாம், அவசரமில்லை" என்று விவரம் தெரிந்தவர்களே சொல்வார்கள். 1994 முதல் 2022 வரை அது உண்மை. கெடுவே கிடையாது. ஆனால் 2022 ஏப்ரல் 1-ந்தேதிக்கு பிறகு நடந்த விபத்துகளுக்கு 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறி விட்டது. இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் தொடரப்பட்டன. கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களை தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி சும்மா இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. கால் கட்டு பிரிக்கும் முன்பே மனுவை போட்டு விடுங்கள். மருத்துவ பில்களை பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கே போடுவது? விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பது இல்லை. விழுப்புரம் பக்கத்தில் விபத்து, வீடு சென்னையில் என்றால் சென்னையிலேயே போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் கோர்ட்டில் விபத்து தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. மற்ற ஊர்களில் மாவட்ட கோர்ட்டு, சப்-கோர்ட்டு.

இரண்டு வழி இருக்கிறது. யார் மீது தவறு என்றே பார்க்காமல் மரணத்துக்கு ரூ.5 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.2½ லட்சம் கொடுப்பது ஒரு வழி. அது 164-வது பிரிவு. எதிராளி மீது தவறை நிரூபித்து, வருமானத்துக்கு ஏற்ப முழு தொகையை கேட்பது இன்னொரு வழி. அது 166-வது பிரிவு. முதல் வழியில் பணத்தை வாங்கி விட்டால் இரண்டாவது வழி அடைபட்டு விடும். வக்கீலிடம் கேட்காமல், "சீக்கிரம் கிடைக்குது" என்று எதிலும் கையெழுத்து போடாதீர்கள்.

கணக்கு எப்படி?

166-வது பிரிவில் எவ்வளவு கிடைக்கும் என்பது குருட்டாம்போக்கு அல்ல. 2009-லும் 2017-லும் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன இரண்டு தீர்ப்புகளை வைத்து கணக்கு போடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து நீங்களே போட்டு பார்க்கலாம்.

34 வயது கொத்தனார் ஒருவர் இறந்து விட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் ரூ.15 ஆயிரம். மனைவி, 2 குழந்தைகள், அம்மா என்று 4 பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு வருங்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். ஆக ரூ.21 ஆயிரம். அவர் உயிரோடு இருந்தால் தனக்காக செலவழித்திருப்பார் என்று கால் பங்கை கழிப்பார்கள். மீதி ரூ.15 ஆயிரத்து 750. ஒரு வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 89 ஆயிரம். 31 முதல் 35 வயது வரை பெருக்கு எண் 16. பெருக்கினால் ரூ.30 லட்சத்து 24 ஆயிரம். இதற்கு மேல் இறுதி சடங்கு செலவு, கணவரை, அப்பாவை, மகனை இழந்ததற்கு தனித்தனி தொகை, வட்டி எல்லாம் சேரும்.

இதே கொத்தனாருக்கு மாதம் ரூ.10 ஆயிரம்தான் வருமானம் என்று கோர்ட்டு முடிவு செய்தால்? தொகை ரூ.20 லட்சத்து 16 ஆயிரம் ஆகி விடும். வருமானத்துக்கு ஆதாரம் காட்டாததால் மட்டும் ரூ.10 லட்சம் நஷ்டம்! தினக்கூலிக்காரர்கள் சம்பள சீட்டுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பேங்க் பாஸ் புத்தகத்தில் வாரா வாரம் போட்ட பணம், "ஜி பே"யில் மேஸ்திரி அனுப்பிய கூலி, கட்டுமான தொழிலாளர் நலவாரிய அட்டை, குழு கடன் கட்டிய ரசீது, பள்ளிக்கூட பீஸ் ரசீது எல்லாமே உதவும். மேஸ்திரியே கோர்ட்டுக்கு வந்து, "இவர் என்கிட்ட வேலை பார்த்தாருங்க, இவ்வளவு கூலி கொடுத்தேன்" என்று சாட்சி சொன்னால் இன்னும் பலம்.

காயம் பட்டவருக்கு உடல் ஊன சதவீதம் முக்கியம். அதிலும் தொழிலை பார்ப்பார்கள். கிளார்க்குக்கு கால் விரல் போவதும், சுமை தூக்குபவருக்கு போவதும் ஒன்றல்ல. மருந்து பில், ஆட்டோ செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

ஹெல்மெட் போடவில்லை, ராங் ரூட்டில் வந்தார் என்றால் "உங்க மேலயும் தப்பு இருக்கு" என்று ஒரு பங்கை கழிப்பார்கள். ஆனால் பைக்கில் 3 பேர் போனார்கள் என்ற ஒரே காரணத்துக்காக தொகையை கழிக்க கூடாது, அதனால்தான் விபத்து நடந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. வேலை நேரத்தில் அடிபட்டால் தொழிலாளர் நஷ்ட ஈடு கேட்கவும் வழி உண்டு. இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இடித்து விட்டு ஓடி விட்டால்...

வண்டி நம்பர் கிடைக்கவில்லை. போலீசும் தேடி கிடைக்கவில்லை. அப்போதும் அரசு பணம் உண்டு. மரணத்துக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50 ஆயிரம். 2022 ஏப்ரலுக்கு முன்பு இது வெறும் ரூ.25 ஆயிரமும், ரூ.12 ஆயிரத்து 500-மாக இருந்தது. விண்ணப்பத்தை ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வண்டிக்கு லைசென்சு கொடுக்கும் ஆர்.டி.ஓ. அல்ல, வருவாய் கோட்டாட்சியர். கலெக்டர் உத்தரவிடுவார்.

இப்படி ஒரு பணம் இருப்பதே பல பேருக்கு தெரியாது. கோவையை சேர்ந்த எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை சுட்டிக்காட்டியது. ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால், இந்த திட்டம் பற்றி பாதிக்கப்பட்டவருக்கு போலீசாரே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நீங்களே இடித்து விட்டால்?

ஓடாதீர்கள். காயம் பட்டவரை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவது டிரைவரின் சட்டப்படியான கடமை. கூட்டம் அடிக்க வருகிறது, உயிருக்கு ஆபத்து என்றால் அங்கிருந்து விலகலாம். அதையும் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் நேராக பக்கத்து போலீஸ் நிலையத்துக்கு போக வேண்டும். 24 மணி நேரம் தாண்டக்கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தகவல் கொடுங்கள். நம்ம பையனுக்கு பதில் டிரைவர் ஓட்டினார் என்று ஆளை மாற்றி சொல்வது, லைசென்சு உள்ளவரை ஏற்றி விடுவது போன்ற வேலைகளை கேமரா காட்டிக்கொடுத்து விடும். பிறகு பொய் ஆவணம் கொடுத்த வழக்கும் சேர்ந்து கொள்ளும்.

பிடிபட்ட வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்த பிறகு திரும்ப கேட்கலாம். ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விட வேண்டாம் என்பது சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுதான். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை மட்டும் ஈடு கட்டாமல் லேசில் விட மாட்டார்கள்.

வக்கீல், புரோக்கர், பணம்

ஆஸ்பத்திரி கட்டில் ஓரத்திலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்க ஆள் வந்து விடுவதுண்டு. "வர்ற பணத்துல இத்தனை சதவீதம் கொடுத்தா போதும்" என்பார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வக்கீல் வழக்கு நடத்த பார் கவுன்சில் விதி அனுமதிக்கவில்லை. பாஸ் புத்தகம், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்து போட்ட வெற்று காசோலை எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்து கொடுக்கும். கோர்ட்டு வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

லோக் அதாலத்தில் சமரசம் பேச கூப்பிட்டால் போகலாம். சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது. அதனால் மேலே சொன்ன கணக்கை ஒரு பேப்பரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ரூ.30 லட்சம் வர வேண்டிய இடத்தில் ரூ.12 லட்சம் என்று சொன்னால் தலையை ஆட்டி விட்டு வரக்கூடாது.

தீர்ப்பாயம் தீர்ப்பு சொன்ன பிறகு தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் ஐகோர்ட்டில் அப்பீல் செய்யலாம். குழந்தைகளின் பங்கை 18 வயது வரை பேங்கில் டெபாசிட் செய்ய கோர்ட்டு உத்தரவிடும். அதை யாரும் தொட முடியாது.

அரசு பஸ் மோதினால் மட்டும் கதை கொஞ்சம் வேறு. போக்குவரத்து கழக பஸ்களுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. கழகமே தன் நிதியில் இருந்து கட்ட வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் இழுத்தடித்தால் நிறைவேற்று மனு போடலாம். கோர்ட்டு அமீனா பஸ் நிலையத்துக்கு வந்து, பயணிகளை இறக்கி விட்டு, பஸ்சில் ஜப்தி நோட்டீசு ஒட்டி கோர்ட்டு வளாகத்துக்கு கொண்டு போவார்.